படத்துப் பிள்ளைகளின் பசி

1976இல் கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், ஆம்பூர் டிராயிங் மாஸ்டர் கிருபானந்தத்தின் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படத்துக்குள் இரண்டு பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டு பில்கிஸ் வந்து, "மாஸ்டர், தோல் ஷாப்பு நாத்தத்தகூட பொறுத்துக்கலாம், இது ஒரே பேஜாரா கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாஸ்டர் உள்ளதை உள்ளபடி வரைகிறவர். அந்த லீவில் ஆலங்காயம் பக்கம் ஓடைக்கரையில் குடும்பமாகச் சாப்பிட உட்கார்ந்ததை அப்படியே வரைந்திருந்தார். மகள் சாராவின் ஜடையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கூடத்துத் தரை ஈரமானது. மகன் ஜெயகரனின் முட்டியில் மண். முன்னால் கழுவிப் போட்ட இலைகள். பரிமாற வேண்டிய மனைவி ஜெயபுஷ்பம் மட்டும் இல்லை. அவர் வரைந்தபோது அவள் பாறைக்குப் பின்னால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கண்ணால் காணாததை வரைவது மாஸ்டருக்கு விக்கிரக ஆராதனைக்குச் சமம்.

நிஜப் பிள்ளைகள் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போக, படத்துப் பிள்ளைகள் இளைத்தார்கள். மனமிரங்கிய மாஸ்டர் இலையில் சோறு வரைந்தார். சோறு வேகும்போது ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர் என்பதால் அது சுண்ணாம்பாக வந்தது. படத்து ஜெயகரன் துப்பிவிட்டான். வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடிந்து வந்த ஜெயபுஷ்பத்திடம், "உள்ள போய் கொஞ்சம் பரிமாறிட்டு வாயேன்" என்றார்.

"அது லீவுப் படமாச்சே. அங்கயும் நானேவா?"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்கையோடு படத்துக்குள் இறங்கினாள். பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தனக்கும் ஓர் இலையைப் போட்டுக்கொண்டாள்.

"இன்னா இது? எப்ப வருவ?"

"மொதல்ல சோறு வரட்டுங்க."

மறுநாளும் அவள் வரவில்லை. அவள் கன்னம் ஒட்டுவதைப் பார்த்து, இனி வரவேமாட்டாளோ என்று பயந்து மாஸ்டரே அடுப்பைப் பற்றவைத்தார். பில்கிஸ் சுவருக்கு அப்பாலிருந்து அதட்ட அதட்ட உலை வைத்தார். முதல் சோறு குழைந்தது, அடுத்தது அடிபிடித்தது. அதற்கடுத்ததை, அடுப்பின் முன் உட்கார்ந்து கண் எடுக்காமல் பார்த்து வடித்து, குழம்போடு உள்ளே நீட்டினார். ஜெயபுஷ்பம் ஒரு வாய் வைத்தாள். "உப்பு கம்மி" என்றாள். பிறகு மறுசோறு கேட்டாள். சாப்பிட்டு, ஓடையில் கை கழுவிவிட்டு, டியூட்டிக்கு நேரமாயிற்று என்று வெளியே வந்தாள்.

அதிலிருந்து படத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே அந்த வீட்டில் உலை கொதித்தது. மே மாதம் பிறந்தால் ஜெயபுஷ்பம் லீவு போட்டுவிட்டுப் படத்துக்குள் போவாள். மாஸ்டர் வெளியே சமைப்பார். 1983இல் அவருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு கைகூடிவந்தது. அந்த வருஷம் அவள் ஜூன் பாதிவரை வெளியே வரவில்லை. அது தெரிந்தே மாஸ்டர் அடுத்த மே மாதமும் அதே குழம்பைத்தான் வைத்தார்.