நாற்பத்திரண்டு தாள்களுக்கும் ஒரே தலைப்பு

எலும்பு மருத்துவரான மாமனார், தன் கழுத்தைத் தடவிக்கொண்டே கணினியில் 'கழுத்து வலி பயிற்சி' என்று தட்டினார். முடிவுகள் வரிசையாக வந்து நின்றன. தன் மருத்துவமனையின் பெயர் இருந்த வரியைத் தாண்டிப்போய், அதற்கு அடுத்ததைத் திறந்தார்.

"பார்த்தியாம்மா? நானே நம்மளதத் திறக்கல. வேற யார் திறப்பா? உன் வீட்டுக்காரன் ரெண்டு வருஷமா மாங்கு மாங்குன்னு எழுதி என்ன பிரயோஜனம்? மாசக் கடைசியில அந்தப் பயிற்சிப் பக்கத்தையே தூக்கிடலாம்."

மருமகள் எட்டிப் பார்த்தாள். வரவேற்பு மேசையும் இணையதளமும் அவள் பொறுப்பு. கணவன் எழுதிய கழுத்துப் பயிற்சித் தாள், தேடலில் 'அத்தைக்கு - முழங்கால்' என்று வந்திருந்தது.

தோள்பட்டையைத் தேடினாள். 'அத்தைக்கு - முழங்கால்'. இடுப்பு, குதிகால், மணிக்கட்டு என்று எதைத் தேடினாலும் அதேதான். நாற்பத்திரண்டு பிடிஎஃப்களுக்கும் ஒரே தலைப்பு.

"யாருங்க அந்த அத்தை? உடம்பு பூரா முழங்கால் போலிருக்கே!"

இயன்முறைச் சிகிச்சை அறையிலிருந்து வந்த கணவன் திருதிருவென்று முழித்தான். "தாள்ல தலைப்பு சரியாத்தானே போட்டிருக்கேன்?"

போட்டுத்தான் இருந்தான், கொட்டை எழுத்தில். கோப்பின் பெயரும் சரியாகவே இருந்தது. பிறகு இந்த அத்தை எங்கிருந்து முளைத்தாள்? மருமகளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குடைந்து குடைந்து, கடைசியில் கோப்பின் விவரப் பக்கத்தைப் பிடித்தாள். அங்கே 'தலைப்பு' என்று தனியாக ஒரு கட்டம். தாளைப் படிப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. தேடுபொறி அதைத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறது.

"புதுசா ஒண்ணு எழுத என்ன பண்ணுவீங்க?"

"பழைய தாளைத் திறந்து, உள்ள இருக்கறத அழிச்சிட்டு, வேற பேர்ல சேமிப்பேன். கோடு, படக்கட்டமெல்லாம் போட்டது போட்டபடி இருக்குமே."

"அத்தையும் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்துட்டாங்க."

அப்படியானால் முதல் தாள் யாருக்கு எழுதியது? தேடி எடுத்துத் திறந்தாள். அடியில் நோயாளியின் பெயர்: அவளுடைய அம்மா. தேதி, கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு ஆறு மாதம் முன்பு. அப்போது அவள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்துபோன ஒரு பெண், அவ்வளவுதான்.

"ஓஹோ! அப்பவே எங்கம்மா உங்களுக்கு அத்தையா?"

அவன் காது மடல் சிவந்துவிட்டது. "அதையெல்லாம் யார் பார்க்கப் போறாங்கன்னு..."

"ஊர் உலகமே பார்த்தாச்சு!"

சிரித்தாலும் மாசக் கடைசி அவள் மனதை அரித்தது. வலியோடு தேடுகிறவர் என்ன தட்டுவார் என்று யோசித்து யோசித்து, 'கழுத்து வலிக்கு வீட்டிலேயே ஐந்து பயிற்சிகள்' என்பதுபோல ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பினாள். எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி, வந்து பார்க்கும்படி தேடுபொறிக்கும் சொல்லிவைத்தாள். தினமும் காலையில் முதல் வேலை, மாறிவிட்டதா என்று தேடிப் பார்ப்பதுதான்.

கடைசி நாள்வரை தேடலில் மூன்றே மூன்று தலைப்புகள் மாறியிருந்தன. ஆனாலும் திரையை மாமனார் பக்கம் திருப்பினாள்.

"மாறின மூணையும் அறுபது பேர் திறந்திருக்காங்க மாமா. மாறாத முப்பத்தொம்பதையும் சேர்த்தே நாலு பேர்தான்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"மீதி எப்ப மாறும்?"

"அது நம்ம கையில இல்ல மாமா. தேடுபொறி ஒண்ணொண்ணா வந்து பார்க்கும்போதுதான்."

"அப்ப பக்கம் இருக்கட்டும்" என்றவர், உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "டேய், தாடை வலிக்கு ஒண்ணும் எழுதலையே நீ? எழுதுடா. வெறுங்கோப்புல ஆரம்பி!"