தகரத் தவளை

பத்தாவது முடிந்ததும் கிருபாவதியின் செருப்பு பரணுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் இறங்கும். அவள் அப்பா ஞானசிகாமணி தேவாரத்துக் கடைவீதியில் மிளகு வியாபாரி. வீட்டுப் பின்கட்டில் அவளும் நாவல்களும், சங்கிலியில் செவலையும். அசல் கோம்பை நாய்.

"ஏலத்தோட்டத்து மொதலாளி பலவேசம் காவலுக்கு நாய் கேட்டாக. அடுத்த மாசம் வாராக, குடுத்துருவோம்" என்றார் அப்பா.

செவலையை விட அவளுக்கு மனமில்லை. வேற்றாளுக்குக் கை கொடுக்கிற நாயை எவன் காவலுக்குக் கொண்டுபோவான்? எங்கோ பனி பெய்கிற ஊர்க்கதை ஒன்றில் சர்க்கஸ்காரன் நாயைப் பழக்கியது அவளுக்கு ஞாபகம் வந்தது. திருவிழாவில் வாங்கிய தகரத் தவளையைத் தேடி எடுத்தாள். வயிற்றை அமுக்கினால் 'டிக்'. உடனே இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு துண்டு கருவாடு. முதல் நாள் சத்தத்துக்கே செவலை மிரண்டது. தவளையைத் தாவணியில் பொதிந்து அமுக்கினாள். பிறகு கருவாட்டை உள்ளங்கையில் மூடி நீட்டினாள். மோந்தது, நக்கியது, கடைசியில் பொறுமையிழந்து முன்காலால் பிறாண்டியது. அந்த நொடியில் 'டிக்'.

இருபது நாளில், பால் ஊற்ற வந்த அய்யம்மாள் கை நீட்டியதற்கும் கால் தூக்கி வைத்தது.

"அடி ஆத்தீ! வெள்ளக்காரத் தொரை கெட்டான் போ! திருடன் வந்தாலும் கை குடுத்துத்தான் உள்ள கூப்புடும்."

கிருபாவதிக்கு அதுதான் வேண்டியிருந்தது.

பலவேசம் ஜீப்பில் வந்தார். சங்கிலி எட்டும் தூரத்தில் நின்று கையை நீட்டினார். கிருபாவதி முதுகுக்குப் பின்னால் தவளையைப் பிடித்துக்கொண்டாள். செவலை கால் கொடுத்தது. 'டிக்'.

அப்பாவின் முகம் செத்துவிட்டது. "காவலுக்கு ஆகாது போலிருக்குங்களே..."

அவளுக்கு மூச்சு வந்தது.

பலவேசம் கடகடவென்று சிரித்தார். "காவலுக்கு வேற நாய் பாத்துக்கிருவோம். எம் மக பத்தாப்போட நின்னுட்டா. மலைமேல பேச்சுத் துணைக்கு ஆளில்லாம மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டே கெடக்கா. அவளுக்கு இதான் சரி. கையில என்ன ஆத்தா, அதையும் குடு."

அப்பா பார்த்தார். கொடுத்தாள்.

செவலையை ஏற்றிக்கொண்டு ஜீப் தெருமுனை திரும்பும்போது யாரோ விளையாட்டாக அமுக்கினார்கள். 'டிக்'.

கிருபாவதியின் கை தானாக இடுப்பு மடிப்பில் கருவாட்டைத் தேடிப் போனது.