சகலைகள் இறங்கக் கூடாது

பலூன் ஓட்டுகிற மெர்வின் ஏறும்போதே கறாராகச் சொல்லிவிட்டார். காற்று பலமாக இருந்தால் இறங்கும்போது கூடை தரையில் மோதி இழுபடும். முழங்காலை மடக்கிக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்லாமல் யாரும் இறங்கக் கூடாது, எடை குறைந்தால் பலூன் மறுபடி மேலே கிளம்பிவிடும். வெங்கடபதி பவ்யமாகத் தலையாட்டினார். நம் பேச்சுக்கு ஒரு நாளாவது இந்த மனுஷன் இப்படித் தலையாட்டியதுண்டா என்று அவர் மனைவி ராமாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கச்சி பங்காருவைப் பார்த்து அவளுக்கு மூன்று வருஷமாகிறது. பங்காருவின் வீட்டுக்காரர் சென்னகிருஷ்ணன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல், வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டார். "இனி அந்தச் சகலை காட்டுல நாம யாரும் காலு வெக்கறதில்ல" என்று வெங்கடபதி அன்றைக்கு முறுக்கிக்கொண்டவர்தான். அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். அசையவில்லை.

பொள்ளாச்சியைத் தாண்டியதும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிடித்துக்கொண்டது. தென்னந்தோப்புகளைத் தவிர்த்து வெட்டவெளியாகப் பார்த்து மெர்வின் இறக்கினார். தட்டு அறுத்த சோளக்காடு ஒன்றில் கூடை தொம்மென்று மோதி, நாற்பதடி இழுபட்டது. யாருடைய காடு என்று ராமாமணிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அத்தனை பயத்திலும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

காற்று இன்னும் விடவில்லை. "ஏனுங்க, கனமான ஆளு யாராச்சும் ஓடியாங்க! கூடைக்குள்ள ஏறுங்க!" என்று பலூனைப் பார்த்து ஓடிவந்த ஊர்க்காரர்களிடம் மெர்வின் கத்தினார்.

அந்த வட்டாரத்தில் சென்னகிருஷ்ணனை மிஞ்சின கனம் கிடையாது. மூச்சிரைக்க ஓடிவந்து உள்ளே விழுந்தார், நேராக வெங்கடபதியின் மேல்.

"அய்யோ, சகலை நீங்களா!"

"பேசாம என்னையக் கெட்டியாப் புடிச்சுக்குங்க சகலை, பறந்து போயிருவோம்!"

"இவரு ஒருத்தரே ரெண்டாளு கனமுங்க. மேடம், நீங்க எறங்கிக்கலாம்" என்றார் மெர்வின்.

இறங்கினாள். பின்னாலேயே ஓடிவந்த பங்காரு அக்காவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள்.

மெர்வின் உச்சிக் கயிற்றை இழுத்துக் காற்றை வெளியேற்றினார். கொஞ்ச நேரத்தில் பலூன் வெறும் துணியாகச் சோளக்கட்டைமேல் கிடந்தது. அவரும் குதித்து அதைச் சுருட்டப் போய்விட்டார். கூடைக்குள் குந்தியிருந்த சகலைகளுக்கு ஒன்றும் தெரியாது. ஒருவர் இடுப்பை ஒருவர் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி வாட்ஸ்அப் பஞ்சாயத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். முதலில் சண்டைச் சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"தம்பி, எறங்கலாங்களா? சகலை ஊட்டுக்குப் போகோணும்" என்றது வெங்கடபதியின் குரல்.

மெர்வின் பதில் சொல்ல வாயெடுத்தார். ராமாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் காதருகே வந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் காத்து இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க. மூணு வருசப் பேச்சு பாக்கி கெடக்குது. நாங்க காப்பி குடிச்சுப்போட்டு மெதுவா வாரோம்."