ஈயம் படிந்த சட்டை

டுவேனின் வார்ப்புக் கொட்டகையில் நான்கு வருஷமாக மெஷினைப் பார்த்துக்கொண்டவன் ஹால்வர். எட்டு அச்சுகள் ஒரு சக்கரத்தில் சுற்றிவரும். ஒவ்வொன்றும் கொப்பரைக்கு அடியில் வந்து நிற்க, உருகிய ஈயம் இறங்கும். காற்றாடி அடித்து அது இறுகியதும் கத்தி வந்து மேலே மிஞ்சியதைச் சீவும், குண்டு கீழே விரித்த துணியில் பொத்தென்று விழும். பழைய காலத்துக் கருமருந்துத் துப்பாக்கிகளுக்கான கனத்த குண்டுகள். சூடு ஏறினால் பனி படிந்ததுபோல வெளுத்துவிடும், குறைந்தால் தோல் சுருங்கிவிடும். ஹால்வர் வார்த்ததில் கழித்துப் போடுவதற்கு ஒன்றும் இருக்காது. மொன்டானா மாநிலம் முழுக்கத் துப்பாக்கிப் போட்டிக்காரர்கள் டுவேனின் குண்டுதான் வேண்டும் என்று கேட்டார்கள். வார்த்தவன் பெயர் யாருக்கும் தெரியாது.

கொட்டகை மூலையில் குளியலறை ஒன்று இருந்தது. வேலை முடிந்ததும் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சுவரில் பலகையும் தொங்கியது. இரண்டாவது வருஷமே டுவேன் அங்கே தண்ணீரை நிறுத்திவிட்டு ஈயப் பாளங்களை அடுக்கிவிட்டான்.

"குளிச்சுட்டுப் போக நீ என்னடா கல்யாணப் பொண்ணா? தட்டிவிட்டுட்டுக் கிளம்பு" என்றான்.

ஹால்வர் சிரித்தான். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அன்றிலிருந்து கையைத் தட்டிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போனான். வீடு என்பது மகள் மாரிட்டின் வீடு. வாசலில் அவன் காலடிச் சத்தம் கேட்டாலே பேத்தி டெஸ்ஸி தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொள்வாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வான். அவள் அவனுடைய காலரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கிப்போவாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நர்ஸ் வேனில் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவாள். முடிவு டுவேனின் பெயருக்குத் தபாலில் வரும்.

"என்னடா போட்டிருக்கு?" என்று ஹால்வர் கேட்பான்.

"உன் ரத்தத்துல காபிதான் ஓடுதாம். போய் வேலையப் பாரு."

மூன்றாவது வருஷம் முடிகிறபோது ஹால்வருக்கு வயிறு முறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தது. சோற்றிலும் தண்ணீரிலும் இரும்புச் சுவை. பேசிக்கொண்டே இருப்பான், அடுத்த வார்த்தை வராது. ஒருநாள் சூப் ஆறிப்போயிருந்ததற்காகத் தட்டைச் சுவரில் வீசி அடித்தான். பிறகு அவனே உட்கார்ந்து அழுதான். கையும் நடுங்கியது. மாரிட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அவன் வேலைக்குப் போன நேரத்தில் அவனுடைய அலமாரியில் பாட்டில் தேடினாள். பதினோரு வருஷத்துக்கு முன்பு அவன் குடித்துவிட்டு ஓட்டிய காரில்தான் அவளுடைய அம்மா இடுப்பொடிந்து, ஒன்றரை வருஷம் படுக்கையில் கிடந்து செத்தாள். அன்றைக்கு விட்டவன் அதற்கப்புறம் ஒரு சொட்டுத் தொடவில்லை.

ஜூன் மாதம் ஊரில் போட்டி. இருநூறு மீட்டரில் நிறுத்திய இரும்புக் கோழிகளை, எதன்மேலும் சாயாமல் நின்று சுடவேண்டும். பத்தில் எட்டைத் தவறாமல் விழவைத்தவன் ஹால்வர். அன்றைக்கு ஒன்றுகூட விழவில்லை. துப்பாக்கிக் குழாயின் நுனி காற்றில் வட்டம் போட்டது. டுவேன் கையில் மைக் இருந்தது.

"மக்களே, கோழிங்க உசுருக்கு நான் உத்தரவாதம். சுடுறது ஹால்வர்!"

கூட்டம் சிரித்தது. ஏழாவது குண்டும் மண்ணில் போய்ப் புதைந்தது.

"யாராவது அவன்கிட்ட துப்பாக்கிய வாங்கிட்டு ஒரு பாட்டில் குடுங்கப்பா. அதை மட்டும் ஆடாம புடிப்பான்!"

இந்தமுறை சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. கூட்டத்தின் ஓரத்தில் டெஸ்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாரிட் நின்றிருந்தாள். அவள் முகம் சிவந்து போனதை ஹால்வர் பார்த்தான். மீதி மூன்று குண்டுகளையும் சுட்டுவிட்டுத்தான் நகர்ந்தான்.

வீட்டில் அவனுடைய பெட்டி வாசலுக்கு வந்திருந்தது.

"ஊதிக் காட்டுங்கப்பா."

ஊதினான்.

"வாடை இல்லையேம்மா. நீயே பாரு."

"வோட்கா குடிச்சா வாடை வராதுன்னு எனக்குத் தெரியும். பத்து வயசுல உங்களுக்குப் பாட்டிலை ஒளிச்சு வச்சவளே நான்தான். கிளம்புங்க. எம்பொண்ணு இதையெல்லாம் பார்த்து வளர வேணாம்."

டெஸ்ஸி அவனுடைய கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மாரிட் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

டுவேன் இடம் கொடுத்தான். கொட்டகையின் பின்னால், ஈயக் கசடு வாளிகள் வைக்கிற அறையில் ஒரு கட்டில். "நண்பன்னு எதுக்குடா இருக்கேன்?" என்று முதுகில் தட்டினான். இங்கேயே கிடப்பதால் ஞாயிற்றுக்கிழமையும் மெஷினை ஓட்டலாம், தரையையும் பெருக்கிவிடலாம் என்றான். ஹால்வர் பெருக்கினான். சாம்பல் நிறத் தூசி எழும்பித் தலையணையில் படியும். அதன்மேல்தான் படுத்தான். உண்மையிலேயே குடித்துவிட்டு மறந்துபோகிறேனோ என்றுகூட அவனுக்குச் சில நாள் சந்தேகம் வந்தது. கட்டிலுக்கு அடியில் பாட்டில் இருக்கிறதா என்று தேடியும் பார்த்தான்.

ஆகஸ்டில் ஒரு காலை மாரிட்டின் கார் வந்து நின்றது. சமாதானம் பேச வந்திருக்கிறாள் என்று அவன் அவசரமாகத் தலையைக் கோதிக்கொண்டான்.

அவள் உள்ளே வரவில்லை. கதவருகிலேயே நின்றாள்.

"டெஸ்ஸிக்கு ரெண்டு வயசாச்சு, இன்னும் அம்மான்னு சொல்லல. ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. உடம்பெல்லாம் ஈயமாம். வீட்டுல யாரு ஈய வேலை பார்க்கறதுன்னு நர்ஸ் கேட்டா, இங்க வேன்ல வர்றவதான். உங்க பேரைச் சொன்னேன். உங்க ரத்தத்துல ஈயம் ஏறியிருக்குன்னு மூணு தடவை முடிவு அனுப்பிச்சாச்சு, உடனே வேலைய நிறுத்தணும்னு எழுதியே அனுப்பினோம்னு சொல்றா. அந்த நடுக்கம், மறதி, கோபம் எல்லாமே அதனாலதானாம். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

உள்ளே மேஜைக்குப் பின்னால் டுவேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஹால்வர் அவனைத் திரும்பிப் பார்த்தான்.

டுவேன் மேஜை இழுப்பறையைத் திறந்து மூன்று கடிதங்களை எடுத்துப் போட்டான். மூன்றும் பிரித்துப் படித்தவை.

"மெஷினை வேற யாரு ஓட்டுறது? உன்னைவிட்டா இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் கை படியாது. இந்த வருஷத்துப் போட்டியெல்லாம் முடியட்டும், சொல்லலாம்னு இருந்தேன்."

"அன்னிக்கு மைக்ல என்னைக் குடிகாரன்னு சொன்னியே. அப்பவே தெரியுமாடா உனக்கு?"

"ஜனங்க சிரிக்க ஏதாவது ஒண்ணு சொல்லணும்ல?"

கசடு வழிக்கிற கரண்டி கொப்பரைக்குள்தான் கிடந்தது. ஹால்வர் அதை ஈயத்தோடு தூக்கினான். டுவேன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டான். இரண்டடி தூரம். ஆனால் மணிக்கட்டு அவன் சொன்னதைக் கேட்கவில்லை. கரண்டி சரிந்து, அவ்வளவும் ஹால்வரின் இடது காலணிக்குள் இறங்கியது.

அவன் அலறியது ரோடு வரைக்கும் கேட்டது. டுவேன் மூச்சு விட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "கோழியையே அடிக்க முடியல, இதுல நான் வேறயா?"

மாரிட்தான் காலணியை வெட்டி எடுத்து, தண்ணீரை ஊற்றி, காரில் ஏற்றினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவன், "குடிக்கலம்மா, நான் குடிக்கலம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

"தெரியும்" என்றாள். வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னாள்: "குடிச்சிருந்தா மன்னிச்சிருப்பேன்பா. அது எம்பொண்ணு உடம்புல ஏறியிருக்காது. சுவத்துல எழுதியே மாட்டியிருந்துச்சே, குளிச்சு சட்டை மாத்துன்னு. அவன் கேலி பண்ணான்னு அந்தச் சட்டையையே போட்டுக்கிட்டு வந்து அவளைத் தூக்கினீங்களே."

ஹால்வர் தன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தான்.

கால்விரல் இரண்டை எடுத்தார்கள். அதிகாரிகள் வந்து கொட்டகையைப் பூட்டினார்கள். மூன்று வாரத்தில் டுவேன் அபராதம் கட்டி, குளியலறையில் தண்ணீர் விட்டு, வேறு இரண்டு பேரை வைத்து மெஷினை ஓட்டத் தொடங்கினான். குண்டு முன்னைப்போல இல்லை என்று நாலு பேர் குறைப்பட்டார்கள். அவ்வளவுதான்.

டெஸ்ஸிக்கு மருந்து கொடுத்து ஈயத்தை இறக்கினார்கள். இனி ஏறாது, ஆனால் கெட்டது கெட்டதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நவம்பரில் ஒரு ஞாயிறு மாரிட் ஹால்வரை வரச்சொன்னாள், வீட்டுக்குள் அல்ல, முற்றத்துக்கு. அவன் வாடகை அறையில் மூன்று தடவை குளித்து, கடையிலிருந்து அப்போதுதான் வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு, கோலை ஊன்றி வந்தான்.

அவனைக் கண்டதும் டெஸ்ஸி ஓடிவந்தாள். மாரிட் தடுக்கவில்லை. படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஹால்வர்தான் பின்வாங்கினான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். குழந்தை நின்று அவனை அண்ணாந்து பார்த்தது. விளையாட்டு என்று நினைத்ததோ என்னவோ, தானும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அவன் அசையாததைப் பார்த்துச் சலித்துப்போய், அம்மாவிடம் திரும்பிப் போய்விட்டது.