இரண்டு வருஷத்துக்கு ஆறு மாசம்

விசா வேலை பார்க்கும் வினோதா மேடத்தின் ஆபீஸ் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது. நானும் மகள் ஹரிணியும் வெளிநாட்டில் என் கணவரிடம் போய்ச் சேருவதற்கான காகிதங்களை அவரிடம்தான் கொடுத்திருந்தேன். அன்றைக்குப் போனதும் அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“ஏம்மா கவிப்ரியா, உன் வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷ வேலைன்னுதான சொன்ன? பர்மிட்ல ஆறு மாசம்தான் போட்டிருக்கு. அதுலயும் பாதி போயிடுச்சு. இத வச்சி உங்க ரெண்டு பேருக்கும் ஃபேமிலி விசா கேக்கவே முடியாதும்மா.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பெனி ஆர்டரில் இரண்டு வருஷம். தூதரகம் அனுப்பிய கடிதத்திலும் இரண்டு வருஷம். அங்கே இறங்கிய ஏர்போர்ட்டில் அதிகாரி அடித்துக் கொடுத்த பர்மிட்டில் மட்டும் ஆறு மாசம். மூன்றின் பிரிண்டையும் மேஜையில் பரப்பி மாறி மாறிப் பார்த்தேன். எது நிஜம்? நானோ சூளகிரி கம்பெனியில் பேப்பர் போட்டுவிட்டேன், இந்த வாரத்தோடு வேலை முடிகிறது. ஹரிணிக்கு டிசியும் கேட்டாயிற்று.

“ஆபீசர் தப்பா அடிச்சிருக்கணும். இல்லன்னா கம்பெனி கொறச்சிருக்கணும். எதுக்கும் அவரையே கேளு. தப்புன்னா ஏர்போர்ட் ஆபீஸ்ல கேட்டுப் பாக்கலாம்,” என்றார் வினோதா.

பஸ் ஏறும்வரைகூடப் பொறுக்கவில்லை. மாடிப்படியிலேயே நின்று வீடியோ கால் போட்டேன்.

“ஆமா கவி, ஆறு மாசம்தான் போட்டிருக்காங்க,” என்றார் விமல்ராஜ், டீயை ஊதிக்கொண்டே.

“உங்களுக்குத் தெரியுமா?”

“வந்த அன்னிக்கே பாத்தேன்.”

“பாத்துட்டு எங்கிட்ட ஏங்க சொல்லல?”

“இதுல சொல்றதுக்கு என்னா இருக்குது? முடிஞ்சா மறுபடியும் போட்டுக் குடுப்பாங்க.”

வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பஸ்ஸில் மனசு கண்டபடி ஓடியது. தெரிந்தே மறைத்திருக்கிறார். நாங்கள் வருவது பிடிக்கவில்லையோ? அப்படியானால் ஹரிணிக்கு ஸ்வெட்டர் என்ன கலரில் வேண்டும் என்று போன வாரம் எதற்குக் கேட்டார்? வர வேண்டாம் என்று நினைக்கிற மனுஷன் கலர் கேட்பானா? ஒரு ஸ்டாப்பில் அவர் கல்நெஞ்சக்காரர், அடுத்த ஸ்டாப்பில் அப்பாவி. வீடு வந்து சேர்ந்தும் தீரவில்லை.

மறுநாள் ஷிப்ட் விட்டு வெளியே வரும்போது கம்பெனி வாசலில் கான்ட்ராக்ட் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கான்ட்ராக்டர் கங்கப்பன் பழைய கேட் பாஸை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷம் உழைத்தாலும் அவர்களுக்குப் பாஸ் ஆறு மாசத்துக்குத்தான். முடிந்ததும் சில நாள் வீட்டில் இருந்துவிட்டு, புதுப் பாஸோடு புது ஆள் மாதிரி உள்ளே போக வேண்டும். தேதியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. விமல்ராஜ் ஓசூரில் வெல்டராக எட்டு வருஷம் ஓட்டியது இப்படித்தான். நான் அங்கேயே ஓரமாக நின்று போன் போட்டேன்.

“ஏங்க, அந்த பர்மிட்டயும் கேட் பாஸ் மாதிரின்னு நெனச்சிட்டீங்களா?”

“எல்லா எடத்துலயும் அப்டித்தான குடுப்பாங்க?”

“கம்பெனி ஆர்டர்ல ரெண்டு வருஷம் இருக்குதே! ஆபீசர ஒரு வார்த்த கேட்டா என்ன?”

“நாராயணப்பன் கேட்டான். என்னாச்சு?”

நாராயணப்பன் ஓசூரில் அவரோடு வெல்டிங் பார்த்தவர். பாஸில் ஏன் தேதி குறைவு என்று கேட்டார். மறுநாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

“நான் போயி கேக்க, இருக்கற ஆறு மாசத்தயும் புடுங்கிகினு அனுப்பிட்டாங்கன்னா?” என்றார் அவர்.

பிடுங்குவார்களா, திருத்துவார்களா, எனக்கு மட்டும் தெரியுமா என்ன? வினோதாவும் ஏர்போர்ட் ஆபீசில் கேட்டுப் பார்க்கலாம் என்றாரே தவிர, கிடைக்கும் என்று சொல்லவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“புடுங்கினா புடுங்கட்டும். நீங்க ஒரு பக்கம் நாங்க ஒரு பக்கம்னு எனக்கு அந்தப் பொழப்பு வேணாம். மூணு பேப்பரையும் எடுத்துகினு போயி கேளுங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, அவர் லீவு நாளில் ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டுக் கூப்பிடும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தபோது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னாச்சுங்க?”

“கவி, அந்தம்மா சாரி கேட்டாங்க.”

“எந்தம்மா?”

“ஆபீசரம்மா. எல்லாத்தயும் பாத்துட்டு, எங்க தப்புதான், சாரின்னாங்க. எங்கிட்ட.”

“சரி, மாத்திக் குடுத்தாங்களா?”

“எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பரவால்ல மேடம், ஆறு மாசமே போதும்னு சொல்லிட்டேன்.”

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். வாய்வரை வந்த வசவுகளை விழுங்கினேன்.

“அந்தம்மாவுக்கே ஒண்ணும் புரியல. என்னையே பாத்தாங்க. அப்புறம், ஃபேமிலி இருக்குதான்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எம் பொண்டாட்டியும் பொண்ணும் இங்க எங்கூட இருக்கணும் மேடம், எனக்கு ரெண்டு வருஷமும் வேணும்னேன். தெரிஞ்ச இங்கிலீஷ்ல கேட்டுட்டேன் கவி.” அவர் குரல் உடைந்தது. “கேட்டதும் ரெண்டு வருஷம் போட்டுக் குடுத்துட்டாங்க. இவ்ளோதானா கவி? கேட்டா குடுத்துடுவாங்களா?”

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ அவர் வாய் திறந்து கேட்காமலே ஓட்டிய அந்த எட்டு வருஷம்தான் கண்ணில் நின்றது. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.