தவளைக்கால்

தாம்பரத்தில் விலங்கியல் படித்த வேதசிரோமணிக்கு, மலேயாக் காடுகளில் அழிந்துவரும் தவளைகளைக் காக்கும் ஆராய்ச்சிக் குழுவில் இடம் கிடைத்தது. கப்பல் கட்டணத்தை அவனேதான் கட்ட வேண்டும். பள்ளி ஆசிரியரான அப்பா கையை விரித்துவிட்டார். சபையார் உருக்கமாக ஜெபித்தார்கள். காணிக்கைத் தட்டில் விழுந்ததோ சில்லறைதான்.

"ஏரியில தவளை புடிச்சிக் குடுத்தா கம்பெனிக்காரன் ரொக்கமா தர்றான் மச்சான். காலை மட்டும் வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்புறானுங்க," என்றான் சிட்லபாக்கத்து நண்பன் குப்புராஜ்.

வேதசிரோமணிக்கு மனம் கூசியது. ஆனாலும் போனான். அந்த மழைக்காலம் முழுக்க இருவரும் சாக்குச் சாக்காகப் பிடித்தார்கள். ஒரு சாயங்காலம் கரைப் பொந்துக்குள் கைவிட்ட குப்புராஜை நல்லபாம்பு தீண்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, நண்பனின் மடியில், அவன் மூச்சு நின்றது.

காரியம் முடிந்த அன்று குப்புராஜின் அம்மா ஜெயக்கொடி கேட்டாள்: "எதுக்குப்பா அவ்ளோ தவளை புடிச்சீங்க?"

"நான் மலேயா போறதுக்கும்மா."

"அங்க போய் இன்னா பண்ணுவே?"

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "தவளைங்களைக் காப்பாத்த..."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சேர்த்த பணத்தை வாசற்படியில் வைத்துவிட்டு அவன் வெகுநேரம் நின்றான். கதவு திறக்கவில்லை. அடுத்த வாரம் கப்பல் அவனில்லாமல் புறப்பட்டது.