கர்சீப் போட்ட இடம்

பயணத்தின் கடைசி நாளில் என் இருக்கை என் கர்சீப்பின் பெயருக்கு மாறியது.

தப்பு கார்மேகத்தினுடையது. நாங்கள் மூவரும் சுற்றிப் பார்க்கப் போயிருந்த நாட்டின் ரயில்களில் எல்லோருக்கும் இடம் உண்டு. ஆனாலும் வண்டி நடைமேடைக்குள் நுழைந்ததும் அவனுக்கு மதுரை பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்துவிட்டது. என் பாக்கெட்டிலிருந்து கர்சீப்பை உருவி ஜன்னல் வழியாக வீசினான். திறக்காத ஜன்னல் அது. கர்சீப்புக்காகத் திறந்தது, மூடிக்கொண்டது.

உள்ளே மூன்று இருக்கைகள். ஜன்னலோரத்தில் கர்சீப் உட்கார்ந்திருந்தது. கார்மேகமும் ரிஸ்வானும் மற்ற இரண்டில் உட்கார்ந்தார்கள். நான் கர்சீப்பை எடுக்கப் பார்த்தேன். அது என் எடை இருந்தது. விட்டுவிட்டேன்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். அவருடைய மொழியில் பேசினார். எங்களுக்குப் புரிந்தது.

கர்சீப்பைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். “இவர் யார்?”

“கர்சீப்புங்க,” என்றான் கார்மேகம்.

“சொந்தப் பெயரா, குடும்பப் பெயரா?”

“குடும்பத்துல ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்காங்க,” என்றான் ரிஸ்வான்.

குறித்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

“மூன்று பேர் வந்தீர்கள். மூன்று பேர்தான் ஊர் திரும்பலாம். நீங்கள் உபரி. அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுங்கள்.”

“இறங்கி?”

“அங்கேயே இருங்கள். நல்ல ஊர். மலை இருக்கிறது.”

எனக்கு மலை பிடிக்காது. ஊரில் எனக்கு வேலையும் இல்லை. இரவு ஷிப்டைப் பாதியில் விட்டவன். இந்த இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

ஓர் ஏரி தண்டவாளத்தைக் கடந்து போக வேண்டியிருந்தது. ரயில் நின்றது. அதற்குள் ரம்மி ஆடினோம். முதல் ஆட்டத்தைக் கர்சீப் ஜெயித்தது. மிச்சமிருந்த பூண்டுத் தொக்கைப் பிரெட்டில் தடவித் தின்றோம். கர்சீப் கேட்கவில்லை. ஆனால் அதன் ஓரத்தில் எண்ணெய் இருந்தது.

“உன்னவிட நல்லா ஆடுதுடா மாப்ள,” என்றான் கார்மேகம்.

“குறட்டையும் விடாது. பேசாம இதையே ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்,” என்றான் ரிஸ்வான்.

மூவரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஏரியின் வால் கடந்ததும் ரயில் கிளம்பியது. பரிசோதகர் திரும்பி வந்தார். கையில் என்னை இறக்குவதற்கான சின்ன ஏணி.

கார்மேகம் கையைக் குறுக்கே நீட்டினான். பஸ்ஸில் யாராவது காலி இடத்தை நெருங்கினால் நீட்டுவானே, அதே கை.

“சார், அங்க ஆள் வருது.”

பரிசோதகர் நின்றார். இருபத்தாறு வருட சர்வீஸில் யாரும் அவரிடம் இதைச் சொன்னதில்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இருந்தது.

“யார் வருகிறார்?”

“இவன்தான்.”

“இவர் இங்கே நிற்கிறாரே.”

“நிக்கிறான். இன்னும் வரல.”

“எப்போதிலிருந்து வருகிறார்?”

“எட்டாப்புலேர்ந்து,” என்றான் ரிஸ்வான். “எப்பவும் லேட்டுதான். ஆனா வந்துருவான்.”

பரிசோதகர் ஏணியை மடித்தார். “அப்படியானால் இடம் அவருடையது. அவர் வந்து உட்காரும்வரை வண்டி கடைசி நிலையத்தை அடையக் கூடாது. ஆனால் அவர் வர வேண்டும். கடைசிப் பெட்டியிலிருந்து.”

என்னைக் கடைசிப் பெட்டியில் கொண்டுபோய் விட்டார். ரயிலில் பதினொரு பெட்டிகள். நடக்கத் தொடங்கியதும் நாற்பதாயின. வெளியே சூரியன் நாலு மணியிலேயே நின்றது. பயணிகள் முழங்காலை மடக்கி வழிவிட்டார்கள். தாடிக்காரர் ஒருவர் ஆப்பிள் துண்டு கொடுத்தார். “ஆள் வருது” என்று ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் சொன்னது. உச்சரிப்பு மோசமில்லை.

“மாப்ள, வர்றியா?” கார்மேகத்தின் குரல், இருபது பெட்டிக்கு அப்பாலிருந்து.

“வந்துட்டே இருக்கேன்!”

போய்ச் சேர்ந்தேன். கர்சீப் நான்காக மடிந்து இடம் விட்டிருந்தது. உட்கார்ந்தால் நிலையம். நிலையத்துக்கு அப்பால் விமானம், ஊர், ஆளுக்கொரு திசை.

நான் உட்கார முழங்காலை மடக்கினேன்.

“டேய்,” என்றான் ரிஸ்வான். “எதையோ அங்க விட்டுட்டு வந்துட்ட.”

“எதை?”

“எனக்கென்ன தெரியும்? போய்ப் பாத்துட்டு வா.”

நான் நிமிர்ந்து, கடைசிப் பெட்டியை நோக்கி நடந்தேன். இப்போது அறுபது பெட்டிகள் இருந்தன. என் முதுகுக்குப் பின்னால் கார்மேகம் யாரிடமோ சொல்வது கேட்டது.

“ஆள் வருதுங்க.”